மேற்குக் கூடை

அரியலூர் ரயிலடிக்குத் தெற்கே இருந்த கடலை மில்லில், கிழக்கு மேற்காகத் தொண்ணூறு அடி நீளத்துக்கு ஒரு களம் உண்டு. சுண்ணாம்பும் செங்கல் தூளும் குழைத்துப் பூசி இழைத்த தரை. தை பிறந்தால் பகலெல்லாம் அதில் கடலை காயும். வெயில் தாழ்ந்ததும் பெண்கள் கடலையைக் கிழக்குப் பாதியில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். மிச்சம் கிடக்கிற மேற்குப் பாதியில், அதுவரை மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஆட்கள் அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி, கம்பத்தில் மாட்டிய இரும்பு வளையத்துக்குள் பந்தைப் போடுவார்கள். பாஸ்கட் பால் என்று அதற்குப் பெயர். களத்துப் பெண்களுக்குத் தலைவியான கொளஞ்சியம்மாள் மட்டும் 'ஓட்டைக் கூடை ஆட்டம்' என்பாள். அடியில்லாத கூடையில் எதைப் போட்டால் என்ன, கீழேதானே விழப்போகிறது என்பது அவள் கட்சி.

இதற்கெல்லாம் காரணம் மானேஜர் சிவசுப்பிரமணியன். திருச்சியில் படித்த காலத்தில் இந்த ஆட்டத்தில் பித்துப் பிடித்தவர். மில்லுக்கு ஆள் எடுக்கும்போதே தலையைப் பார்த்துத்தான் எடுப்பார். குடோன் கதவில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டுக்கு மேலே தலை தெரிந்தால் மில்லில் வேலையும் உண்டு, டீமில் இடமும் உண்டு. இப்படிச் சேர்த்த நெட்டைகளைக் கூட்டிக்கொண்டு சித்திரை தோறும் திருச்சிக்கு ஒரு கோப்பைப் பந்தயத்துக்குப் போவார். முதல் ஆட்டத்திலேயே தோற்று, ராத்திரி ரயிலுக்குக்கூடக் காத்திராமல் சாயங்கால ரயிலிலேயே திரும்பிவிடுவார்கள். போன வருஷம் போட்ட பந்தெல்லாம் வளையத்தைத் தாண்டிப் பறந்தது. ஊரைப் பார்த்து மிரண்டுவிட்டார்கள் என்று மானேஜர் முடிவு கட்டிவிட்டார்.

களத்தின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு கூடை; அதில் மேற்குக் கூடைக்கு ராசியில்லை என்பது மில்லில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கிழக்கே போட்டால் விழுகிற பந்து மேற்கே விழாது. மேல்காற்று தள்ளுகிறது என்றார்கள் சிலர். டீமின் தலைவன் அழகேசன், ஆறடி உயரமும் அதற்கேற்ற பயமும் உள்ளவன், கண்ணேறுதான் என்று சொல்லி அந்தக் கம்பத்தில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தான். படித்த மனுஷரான மானேஜர் அதைப் பார்க்காத மாதிரியே போய்க்கொண்டிருந்தார்.

கம்பம் இரண்டையும் நட்டு வளையம் மாட்டியது மில் தச்சன் சவரிராஜ். ஏலாக்குறிச்சிக்காரன். கோவில் கதவு செய்த கையென்று அவனுக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்பில் தப்பும் இல்லை. அவன் அடித்த சட்டம் ஒரு நூல் விலகாது. அவனிடம் ஒரு ரசமட்டம் இருந்தது. பித்தளைப் பூண் போட்டது, நடுவில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும். அதை மஞ்சள் துணியில் சுற்றி, மாதா சுரூபம் வைத்திருந்த பெட்டியிலேயே வைத்திருந்தான். வேலைக்கு எடுக்கும்போது சிலுவை போட்டுக்கொண்டுதான் எடுப்பான். கம்பம் நட்ட அன்று இரண்டு வளையங்களும் ஒரே மட்டத்தில் நிற்பதை மானேஜர் வாசலிலிருந்து பார்த்துவிட்டு, "சவரி, கோடு போட்ட மாதிரி இருக்குய்யா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இரண்டு வருஷமாக அவன் அந்த வாசலுக்குள் நுழைகையில் ஒரு தடவையாவது நிமிர்ந்து அந்த இரண்டு வளையத்தையும் சேர்த்துப் பார்க்காமல் போனதில்லை.

அவன் மனைவி தெரசம்மாள் களத்தில் கடலை தரம் பிரிக்கிறவள். அவளுக்கு ஒரே தம்பி, லூர்துராஜ். ஆத்தா போனபோது அவனுக்கு நாலு வயது. அப்போது பதின்மூன்று வயதுக்காரியான தெரசம்மாள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது கூடவே கூட்டி வந்தாள். சவரிராஜ் அவனை ஏற்கெனவே இருந்த பிள்ளையைப்போல ஏற்றுக்கொண்டு, பாதிரிமார் காலேஜில் இண்டர் வரைக்கும் படிக்கவைத்தான். லூர்துராஜ் அங்கே கூடைப்பந்து கற்றுக்கொண்டான். 'கார்டு' என்று ஒரு இடம். பந்தைப் பின்னாலிருந்து தட்டிக்கொண்டு வந்து, ஆள் பார்த்துக் கொடுக்கிறவன்; வழி கிடைத்தால் தானே போடுகிறவன். அந்த இடத்தில் அவனைக் காலேஜில் அசைக்க முடியவில்லை. ஒரே குறை, அவன் உயரம் ஐந்தடி ஓரங்குலம். குடோன் கோடு அவன் தலைக்கு மேலே ஒரு சாணுக்கும் அதிகமாக இருந்தது.

அந்த வருஷம், நாற்பத்தேழு மாசியில், டீமில் ஓர் இடம் காலியானது. அந்த இடத்தோடு மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுகிற வேலையும் காலி. லூர்துராஜுக்கு அந்த வேலை கிடைத்தால் அரியலூரிலேயே இருப்பான். கிடைக்காவிட்டால் ஈஸ்டர் பாஸ்கா முடிந்ததும் சின்னச் சித்தப்பனோடு கொழும்புக்குக் கப்பல் ஏறவேண்டியதுதான். அங்கே ஒரு கடையில் இடம் பேசி வைத்திருந்தார்கள். முன்பே கொழும்புக்குப் போன பெரிய சித்தப்பனை தெரசம்மாள் பதினேழு வருஷமாகப் பார்க்கவில்லை. கடிதாசி மட்டும் வரும்.

வியாழக்கிழமை சாயங்காலம் மானேஜர் அவனைக் களத்தில் இறக்கிப் பார்த்தார். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும்போது நெட்டைகளின் கால்களுக்கு நடுவே புகுந்து போனான். அழகேசன் இவனைப் பிடிக்கக் குனிந்து குனிந்து, கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூட்டை மேல் ஏறி நின்று பார்த்த பெண்கள் சிரித்த சிரிப்பில் தெரசம்மாளுக்கு உள்ளம் குளிர்ந்தது. ஆனால் மேற்குக் கூடையில் போடச் சொன்னபோது கதை மாறியது. பத்துப் பந்து போட்டான். ஒன்பது வளையத்தின் விளிம்புக்குக் கீழேயே மோதித் திரும்பியது. ஒன்று விழுந்தது.

மானேஜர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"தம்பி, ஓட்டமெல்லாம் ஜோரா இருக்கு. ஆனா எட்டலியேப்பா."

"சார், ஒரு வார்த்தை சொல்லலாங்களா?" என்றான் அழகேசன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"சொல்லு."

"நாமெல்லாம் ஒசரந்தான். பந்து நம்ம கைக்கு வந்தா போடுவோம். வந்தாத்தானே சார்? போன வருசம் அவனுங்க கீழயே புடுங்கிட்டுப் போயிட்டானுங்க. கீழ பாக்க நமக்கு ஆள் இல்ல. இவன் இருந்தா பந்து நம்ம கைக்கு வரும்."

"வரும்யா. எதிராளி சும்மா இருப்பானா? இவன் தலைக்கு மேலயே பந்த அனுப்பிக்கிட்டு இருப்பான். நாலு ஆளோட ஆடுற மாதிரி ஆயிடும். உடையார்பாளையத்துல ஒரு பையன் ஆறடி ரெண்டங்குலம் இருக்கானாம். ஆள் அனுப்பியிருக்கேன்."

"அவனுக்குப் பந்து தெரியுமா சார்?"

"கத்துக்குடுத்தா தெரிஞ்சுக்கறான். ஒசரத்தக் கத்துக்குடுக்க முடியுமா?"

கொளஞ்சியம்மாள் மூட்டை மேலிருந்து குரல் கொடுத்தாள். "ஐயா, சல்லடையில கீழ விழுற பொடிக்கொட்டைக்குத்தான் எண்ணெ கூட. மில்லுல இருந்துக்கிட்டு இது தெரியாம பேசுறீங்களே!"

"ஆத்தா, நான் எண்ணெ ஆட்டவா ஆளெடுக்கறேன்?" என்றார் மானேஜர். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு அழகேசனின் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தார். "சரி. சனிக்கிழமை சாயங்காலம் இன்னொரு வாட்டி பாப்போம். அன்னைக்குத்தான் திருச்சிக்குப் பேர் எழுதி அனுப்பணும். பத்துக்கு அஞ்சாவது விழணும்."

லூர்துராஜ் தலையாட்டினான். வளையத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், கம்பத்தடியில் கைகட்டி நின்ற சவரிராஜைப் பார்த்துவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில், எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் ஒரு மழை. மாசியில் மழை பெய்தால் கடலை மில்லில் சாவு விழுந்த மாதிரிதான். பெண்கள் ஓடி ஓடித் தார்ப்பாயை இழுத்தார்கள். கால்மணி நேரத்தில் மழை விட்டது. களத்தில் விழுந்த தண்ணீர் முழுக்க மேற்கே ஓடி, கம்பத்தைச் சுற்றிக்கொண்டு வாய்க்காலில் விழுந்தது. தெரசம்மாள் விளக்குமாற்றால் மிச்சத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"நல்லவேளை, குவியல் கெழக்கால கெடந்துச்சு" என்றாள்.

"கெழக்கு மேடு தானே. தண்ணி நிக்கக்கூடாதுன்னு கொத்தனாரு வாட்டம் வச்சுல்ல கட்டுனாரு" என்றாள் கொளஞ்சியம்மாள். "அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் முக்கா அடி எறக்கம். நான்தானே அன்னைக்கு சாந்து சொமந்தேன்."

தெரசம்மாள் கம்பத்தடியில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே நிமிர்ந்தாள். மேலே வளையம். அங்கிருந்து கிழக்கு வளையத்தைப் பார்த்தாள். இரண்டும் கோடு போட்ட மாதிரி ஒரே மட்டம். குனிந்து தரையைப் பார்த்தாள். விளக்குமாறு அப்படியே கையில் நின்றுவிட்டது. ஆறு வருஷமாகப் பெருக்கிய களம். பந்து தானாக மேற்கே உருளுவதை எல்லோரும்தான் பார்த்திருக்கிறார்கள். தரை இறங்கினால் வளையம் உயரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் அவள் புருஷனின் ரசமட்டம். சவரிராஜ் மாட்டியது என்றால் அதற்குமேல் யாரும் அளந்து பார்ப்பதில்லை.

அன்று ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து வெள்ளி. வீட்டில் ஒருசந்தி. பகல் சாப்பாடு இல்லை. சாயங்காலம் விளக்கு வைத்தபின் வரகரிசிக் கஞ்சியும் கடலைத் துவையலும். ரேஷனில் அந்த வாரம் நெல்லரிசி வரவில்லை. லூர்துராஜ் கோவிலில் சிலுவைப் பாதை செபத்துக்குப் போயிருந்தான். தெரசம்மாள் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிக்கிற மாதிரி இருந்தா கேக்காத."

"மேக்குக் கூடை ஒசரமா இருக்குங்க."

சவரிராஜ் கரண்டியை வைத்தான். "யார் சொன்னா? ஒன் தம்பி சொன்னானா?"

"அவன் வாயே தொறக்கல. நான்தான் சொல்றேன். களம் வாட்டம். மேக்கால முக்கா அடி எறங்குது."

"களம் எறங்குனா எறங்கட்டும். ரெண்டு வளையமும் ஒரே மட்டம். ரசமட்டம் வச்சுப் பாத்தேன், கயிறு கட்டிப் பாத்தேன். ஒரு நூல் வித்தியாசம் காட்டு, நான் உளியக் கீழ வச்சுடறேன்."

"வளையம் மட்டந்தான், நான் இல்லேங்கல. கெழக்க பத்தடி அளந்தீங்க. மேக்க அளந்தீங்களா?"

"மட்டம் சரியா இருக்கும்போது எதுக்குடி அளக்கணும்? வாசல் நெலைக்கு எதுத்தாப்ல இன்னொரு நெலை வச்சா, தரை பள்ளமா இருக்குன்னு அதை எறக்கியா வைப்பாங்க? பாக்குறவன் காறித் துப்ப மாட்டான்?"

"இது நெலை இல்லீங்க. கீழ நின்னு பந்து போடுறது. நிக்கிறவன் தரையிலதானே நிக்கிறான்?"

பதில் வராதபோது எல்லா ஆம்பிளைகளும் செய்கிற வேலையைச் செய்தான். "ஒன் தம்பிக்குக் கைல பலமில்லேன்னா என் வேலயக் கொற சொல்லுவியா?" என்று சொல்லிக் கஞ்சியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"சாப்ட்டுட்டுக் கோவிச்சுக்கங்க."

"ஒருசந்தி. வேணாம்."

"ஒருசந்தின்னா ஒரு வேளை சாப்பிடணும். அதுக்குப் பேருதான் ஒருசந்தி."

அவன் வெளியே போய் வீட்டுச் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டான். தெரசம்மாளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. புருஷனை ஊர் முன்னால் தலைகுனிய வைக்க அவளுக்கு இஷ்டமில்லை. தம்பியைக் கப்பலில் ஏற்றவும் இஷ்டமில்லை. கஞ்சியை மூடி வைத்தாள். கோவிலிலிருந்து வந்த லூர்துராஜிடம் எதுவும் சொல்லவில்லை. அவன் சாப்பிட்டுவிட்டு, சுவரில் கரிக்கோடு போட்டு, அதற்கு மேலே மேலே என்று வெறுங்கையை வீசிப் பழகிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் சவரிராஜ் பெட்டியைத் திறந்தான். ரசமட்டத்தைத் தொட்டான், எடுக்கவில்லை. அளவுகோலை மட்டும் எடுத்துக்கொண்டு ஏணியோடு களத்துக்குப் போனான். கிழக்கே அளந்தான்: பத்தடி. மேற்கே அளந்தான். மறுபடியும் அளந்தான். கோலைத் தலைகீழாகத் திருப்பிக்கூட அளந்து பார்த்தான். பத்தடி ஒன்பது அங்குலம்.

பிறகு வளையம் பொருத்தியிருந்த பலகையின் நாலு திருகாணியையும் கழற்றி, கம்பத்தில் ஒன்பது அங்குலம் கீழே புதிதாகத் துளை போட்டு, பலகையோடு வளையத்தை இறக்கி மாட்டினான். பழைய துளைகளில் மெழுகை அடைத்து, கைக்குக் கிடைத்த புழுதியைப் பூசினான். அழகேசனின் எலுமிச்சையையும் மறக்காமல் அதே ஆணியில் தொங்கவிட்டான். கோவில் கதவு செய்த கை செய்கிற காரியமா இது என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

களம் பெருக்க முதல் ஆளாக வந்த கொளஞ்சியம்மாள் கேட்டாள். "என்னா மேஸ்திரி, காலங்காத்தால ஏணியோட?"

"ஆணி லூசா இருந்துச்சு."

"இருக்கும் இருக்கும்" என்றாள் அவள், மெழுகு ஒட்டிய அவன் விரலைப் பார்த்துக்கொண்டே.

சாயங்காலம் களத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். தரம் பிரிக்கிற பெண்கள் ஒருத்திகூட வீட்டுக்குப் போகவில்லை. மானேஜர் நாற்காலி போட்டு, மடியில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். சவரிராஜ் வழக்கமான கம்பத்தடிக்கு வராமல் குடோன் கதவோரமே நின்றான்.

"தம்பி, ஆரம்பி."

லூர்துராஜ் முதல் பந்தை வீசினான். இரண்டு நாளாகப் பழகிய உயர வீச்சு; பந்து பலகையையே தாண்டிப் போய் வாய்க்காலில் விழுந்தது. அவன் திகைத்து வளையத்தைப் பார்த்தான். பிறகு மெள்ளத் திரும்பி, கூட்டத்தில் சவரிராஜைத் தேடிப் பார்த்தான். சவரிராஜ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். லூர்துராஜ் இரண்டாவது பந்தை எடுத்தான். காலேஜில் வீசுவதுபோல, மணிக்கட்டால் மட்டும். பந்து வளையத்தில் படாமல் உள்ளே இறங்கியது. மூன்றாவதும் இறங்கியது. நாலாவதும். பத்தில் எட்டு. பெண்கள் குலவை போட்டார்கள். தெரசம்மாள் குலவை போடாமல் மூட்டையைப் பிடித்துக்கொண்டாள். வளையத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், நடந்தது முழுக்க அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிஷம் அவனைப்போல ஒரு புருஷன் உலகத்தில் உண்டா என்று நினைத்தாள்.

"அடேயப்பா!" என்று மானேஜர் எழுந்தார். "ரெண்டு நாள்ல என்னடா பண்ணின? அழகேசா, நீ வா. இவன்கூட சேந்து நீயும் போடு, பாப்போம்."

அழகேசன் போட்டான். பந்து வளையத்துக்கு மேலே பறந்தது. இன்னொன்று போட்டான். அதுவும் பறந்தது. பலகையில் அடித்தான், திரும்பி அவன் தலைக்கு மேலேயே போனது. மற்ற நெட்டைகளும் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் போன வருஷத்துத் திருச்சி மாதிரியே ஆனது. பத்துப் பந்தில் அழகேசன் ஒன்றுகூடப் போடவில்லை. கடைசிப் பந்து போனதும் அவன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சார், எனக்கு என்னமோ ஆயிடுச்சு சார். கண்ணு மங்கிடுச்சுன்னு நெனைக்கிறேன்."

மானேஜர் வருத்தமாகத்தான் சொன்னார். "மூட்டை தூக்கித் தூக்கித் தோள் இறுகிப் போச்சோ என்னமோ. இந்த வருஷம் நீ இருந்து பாத்துக்க, அழகேசா. ஒன் இடத்துல இந்தத் தம்பி ஆடட்டும். காலி இடத்துக்கு உடையார்பாளையத்தான் வரான். சரியா வந்துச்சு." காகிதத்தில் அழகேசன் பேரை அடித்தார்.

அழகேசன் தலையாட்டினான். முகம் சுண்டிப் போயிருந்தது. ஆனாலும் லூர்துராஜின் தோளில் கை வைத்து, "நல்லா ஆடுடா தம்பி. நீ ஆடுனா நான் ஆடுன மாதிரி" என்றான். பிறகு கம்பத்தருகே போய், அந்த எலுமிச்சை மாலையை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "இத்தன நாள் கூடைக்குப் புடிச்ச கண்ணு, இப்ப என்னப் புடிச்சிடுச்சு" என்று யாருக்கோ சொன்னான்.

சவரிராஜ் குடோன் கதவை விட்டு நகர்ந்தான். அவன் நடக்கிற நடையிலேயே என்ன செய்யப்போகிறான் என்று தெரசம்மாளுக்குத் தெரிந்தது. வாய் திறந்தால் எழுதப்போகிற பேர் அடிபடலாம்; தம்பி கப்பல் ஏறவேண்டி வரலாம். அவன் அவளைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. நின்று அவள் முகத்தைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அங்கே கம்பத்தடியில் அந்த ஆறடி ஆள் சின்னப் பிள்ளைபோலக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"போங்க" என்றாள்.

சவரிராஜ் மானேஜர் முன்னால் போய் நின்றான்.

"சார், அழகேசன் கண்ணுல ஒண்ணும் இல்ல. எழுதறத நிறுத்துங்க."

"என்னய்யா?"

"மேக்கு வளையம் ரெண்டு வருசமா ஒம்போது அங்குலம் ஒசரமா இருந்துச்சு சார். தப்பு என்னுது. மட்டத்தப் பாத்தேன், தரையப் பாக்கல. இன்னைக்குக் காலையில திருட்டுத்தனமா நான்தான் எறக்குனேன். அந்த ஒசரத்துக்குப் பழகுன கை சார் இவனுங்க கை. அதான் தாண்டிப் போகுது."

மானேஜர் எழுந்து போய், ஏணி வைத்து, மெழுகு அடைத்த நாலு துளையையும் விரலால் தடவிப் பார்த்தார். கிழக்கே போய் அளந்தார், மேற்கே வந்து அளந்தார். ஏணியிலிருந்து இறங்கியபோது அவர் முகம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தது.

"போன வருஷம் கடலை காயற மூணு மாசமும் இந்தக் கூடையிலதானே பழகினோம்!" என்றார். "அங்க போய்ப் பத்தடியில போட்டா எப்படிய்யா விழும்? நான் இவனுங்கள மிரண்டுட்டீங்கன்னு அரியலூர் வர்ற வரைக்கும் திட்டிட்டு வந்தேனே! சவரி, ஒன் ரசமட்டத்தக் கொண்டுபோய்க் கொள்ளிடத்துல போடுய்யா!"

"போட்டுடறேன் சார்."

"போட்டுடாத. எழவு, குடோனுக்குக் கதவு மாட்டணும்." பிறகு லூர்துராஜ் பக்கம் திரும்பினார். "ஏன்டா, காலேஜ்ல ரெண்டு வருஷம் ஆடியிருக்க. ஒனக்குமா தெரியல?"

லூர்துராஜ் கால் கட்டைவிரலால் தரையைக் கீறினான்.

"மொத பந்துலயே தெரிஞ்சுது சார்."

"தெரிஞ்சுதா? வாய்ல என்ன கொழுக்கட்டையா? சொன்னா அன்னைக்கே எடுத்திருப்பேனே!"

"மச்சான் மாட்டுன வளையம் சார்" என்றான் அவன்.

சவரிராஜ் அவனைப் பார்த்தான். ஏதோ தூசி விழுந்ததுபோலத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எடுத்து வைத்திருந்த ஏணியை மறுபடியும் கம்பத்தில் சாத்தி, சரியாக இருந்த திருகாணிகளையே திரும்பத் திரும்ப முறுக்கினான்.

மானேஜர் காகிதத்தில் அழகேசன் பேரை மறுபடியும் எழுதினார். அதன் கீழே லூர்துராஜ் பேரையும் எழுதினார். "உடையார்பாளையத்தானுக்கு அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். அழகேசன் லூர்துராஜை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு களத்தைச் சுற்றி ஓடினான். "சார், இப்ப இவன் எட்டடி சார்!" என்று கத்தினான். கொளஞ்சியம்மாள், ஓட்டைக் கூடையில் ஒரு வேலை விழுந்து தங்கிவிட்டதே என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயை மூடப் போனாள்.

மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். ரயில்வே கேட் தாண்டியபின் சவரிராஜ் கேட்டான்.

"ஏன்டா, நான் எறக்காம விட்டிருந்தா?"

"இன்னும் ஒசரமா போட்டுப் பாத்திருப்பேன் மச்சான்."

"அப்பவும் விழலேன்னா?"

"கொழும்புக்குப் போயிருப்பேன்."

"சொல்லாமயா?"

"சொல்லாமத்தான்."

சவரிராஜ் நடையை நிறுத்தினான். "மடப்பயலே" என்றான். "நான் ஒன்ன அதுக்காடா படிக்க வச்சேன்?" என்று சொல்லி அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, தட்டிய கையை அங்கேயே வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தான். குட்டையான ஆள் என்பதால் கை வைக்கச் சௌகரியமாக இருந்தது. தெரசம்மாள் பின்னால் வந்தவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். அன்று ராத்திரி சவரிராஜ் நேற்றைக்கும் சேர்த்துச் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேற்குப் பலகையை ஒழுங்காக மாட்டப் போனான். தெரசம்மாளும் கூடப் போனாள். வேலை முடிந்ததும் வாசலில் வந்து நின்று, பழக்கதோஷத்தில் இரண்டு வளையத்தையும் சேர்த்துப் பார்த்தான். ஒன்று மேலே, ஒன்று கீழே. அவனுக்குப் பல்லில் மணல் கடித்த மாதிரி இருந்தது.

"கோணலா இருக்குடி. பாக்குறவன் சவரிராஜ் போட்டதான்னு கேப்பான்."

"கேக்கட்டும். ரெண்டையும் ஒண்ணா பாக்காதீங்க. நம்ம தம்பி போடுற கூடைய மட்டும் பாருங்க."

அதற்கப்புறம் அந்த மில்லில் அவன் வேலை பார்த்த காலமெல்லாம் சாயங்காலம் ஆட்டம் ஆரம்பித்ததும் ஒரு மூட்டையை இழுத்துப் போட்டு, கிழக்குக் கம்பத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வான். மேற்குக் கூடையில் பந்து விழுகிறபோதெல்லாம் பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்கள் தொடையில் ஓங்கி ஒரு அடி விழும்.